கால் டாக்ஸிக்குச் சொந்தச் செயலி: எதை முதலில் தொடங்குவது, பணம் எங்கே போகும், எங்கே சிக்கும்

கோவை மாதிரி ஓர் ஊரில் 50, 100 வண்டிகளை அட்டாச்மெண்டில் (அதாவது பிறருடைய வண்டிகளைச் சேர்த்துக்கொண்டு) ஓட்டும் கால் டாக்ஸி அலுவலகம் சொந்தச் செயலி செய்ய முடிவெடுத்ததும், முதல் வேலையாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியைக் கூப்பிட்டு விலை கேட்கும். வரிசை அங்கேயே தப்பிவிடுகிறது. கோடிங் முடிந்து ஒரு மாதம் ஆகியும் செயலி வெளிவராமல் கிடந்தால், எங்கோ ஒரு பதிவு எண் வராததும், ஓடிபி செய்தியின் மாதிரி வாசகம் (டெம்ப்ளேட்) நிராகரிக்கப்பட்டதும், கூகுள் ஏதோ ஒரு விளக்கம் கேட்டதுமே பெரும்பாலும் காரணம். காத்திருக்க வேண்டியவற்றை முன்னால் வைத்துத்தான் கீழே உள்ள படிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கணக்குகள் எல்லாம் 100 வண்டி, ஒரே ஊர், கூடவே வெளியூர் ட்ரிப் என்ற அளவுக்கு.

1. கமிஷனா, நாள் வாடகையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

செயலியின் கணக்குப் பகுதி முழுக்க இந்த முடிவின் மேல்தான் நிற்கும். ஒவ்வொரு ட்ரிப்பிலும் கமிஷன் எடுப்பது ஒரு வழி. ட்ரிப் பணம் முழுவதும் ஓட்டுநருக்கே போய், அவரிடம் நாளுக்கு இவ்வளவு என்று வாங்குவது இன்னொரு வழி. பெங்களூரில் 2022-ல் வந்த நம்ம யாத்ரி இரண்டாவது வழியில் போனது.

கமிஷன் வழியில் ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவு உங்களைப் பிடிக்கும். செயலி மூலம் நடக்கும் பயணத்துக்கான 5% வரியைக் கட்ட வேண்டியவர் ஓட்டுநர் அல்ல, செயலியை நடத்துபவர். 20 லட்ச ரூபாய் வரம்பெல்லாம் இதற்குக் கிடையாது. முதல் ட்ரிப்புக்கு முன்பே பதிவு வேண்டும். இந்த வரியை உள்ளீட்டு வரி வரவில் கழிக்கவும் முடியாது, பணமாகவே கட்ட வேண்டும். ஜிஎஸ்டி கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி-யில் 3.1.1 என்ற தனி அட்டவணையில் காட்ட வேண்டும். நாள் வாடகை முறைக்கு இந்தப் பிரிவு பொருந்துமா என்பதில் முன்தீர்ப்பு ஆணையங்கள் ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்லியிருக்கின்றன. அந்த வழியில் போவதாக இருந்தால் ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ட்ரிப்பைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கட்டணம் 240 ரூபாய், கமிஷன் 10%. பயணி தருவது 240 + ஜிஎஸ்டி 12 = 252. உங்கள் கமிஷன் 24, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 4.32, வருமான வரிக்கான டிடிஎஸ் 0.1% என்றால் 24 காசு. ஓட்டுநருக்குச் சேர வேண்டியது 211.44. பயணி ஓட்டுநர் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால், ஓட்டுநர் உங்களுக்கு 40.56 தர வேண்டும். உள்ளூர் ட்ரிப்பில் ரொக்கமும் ஓட்டுநரின் சொந்த க்யூஆர் அட்டையும்தான் அதிகம். அப்படியானால் ஓட்டுநரின் வாலட் (செயலியில் அவர் பெயரில் உள்ள பணக் கணக்கு) எப்போதும் மைனஸை நோக்கியே போகும். மைனஸுக்கு ஒரு வரம்பு வையுங்கள், 500 ரூபாய் போதும். வரம்பைத் தொட்டதும் ஓடிக்கொண்டிருக்கும் ட்ரிப்பைத் தொடவே கூடாது. அடுத்த ட்ரிப்பை மட்டும் நிறுத்த வேண்டும்.

டிடிஎஸ்ஸில் ஒரு விலக்கு உண்டு. தனிநபர் ஓட்டுநர் பான் அல்லது ஆதார் கொடுத்திருந்து, உங்கள் செயலி வழியான ஆண்டு வசூல் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டும் கொடுக்காதவருக்கு 5% ஆகிவிடும். அதனால் ஓட்டுநர் பதிவுப் படிவத்தில் பான் எண்ணைக் கட்டாயம் ஆக்குங்கள். பிறகு துரத்தி வாங்குவது முடியாத காரியம்.

வாலட்டை ‘இருப்பு’ என்ற ஒரே எண்ணாக வைத்து மாற்றி மாற்றி எழுதும் புரோகிராமரை அங்கேயே நிறுத்துங்கள். மேலே உள்ள 12, 24, 4.32, 0.24 ஒவ்வொன்றும் தனி வரியாக, அழிக்க முடியாத பேரேடாக இருக்க வேண்டும். ஓட்டுநர் "40 ரூபாய் எப்படி வந்தது?" என்று கேட்கும்போது காட்ட உங்களிடம் இருப்பது அந்த நான்கு வரிகள்தான்.

2. காத்திருக்க வேண்டிய காகிதங்களை இன்றே போடுங்கள்

*டன்ஸ் எண்.* நிறுவனப் பெயரில் கூகுள் பிளே கணக்கு திறக்க, டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட் நிறுவனம் தரும் இந்த 9 இலக்க அடையாள எண் வேண்டும். ஆப்பிளில் நிறுவனமாகச் சேரவும் இதுவே. இலவசம்தான், ஆனால் 30 நாள் வரை இழுக்கலாம். ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். ‘பிரைவேட் லிமிடெட்’ ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் இருந்தால் சரிபார்ப்பு திரும்பி வரும். அவசரப்பட்டுத் தனிநபர் கணக்கில் தொடங்காதீர்கள்: 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளில், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் வெளியிடவே விண்ணப்பிக்க முடியும். கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர்.

*டிஎல்டி பதிவு.* ஓடிபி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஏதாவது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் நிறுவனத்தையும், 6 எழுத்துத் தலைப்பையும் (செய்தி யாரிடமிருந்து என்று காட்டும் பெயர்), ஒவ்வொரு செய்தியின் வாசகத்தையும் பதிய வேண்டும். பான், ஜிஎஸ்டி சான்றிதழ், கையொப்பமிடுபவரின் அடையாள அட்டை, லெட்டர்ஹெட்டில் அதிகாரக் கடிதம் ஆகியவை தேவை. பதிவுக் கட்டணம் பொதுவாக ஜிஎஸ்டியோடு 5,900 ரூபாய். மூன்று இடத்தில் சிக்கும். பதிந்த வாசகத்துக்கும் அனுப்பும் வாசகத்துக்கும் ஒரு புள்ளியோ ஓர் இடைவெளியோ மாறினால் செய்தி போய்ச் சேராது. அடுத்து, தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 எழுத்துக் குறிகள்தான் (ஆங்கிலத்துக்கு 160). கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும், தாண்டினால் இரண்டு செய்தியின் காசு. மூன்றாவது, ஆண்ட்ராய்டு ஓடிபியைத் தானாகப் படிக்க வேண்டுமானால் செய்தியில் 11 எழுத்துக் குறியீடு ஒன்று வேண்டும், அதையும் டெம்ப்ளேட்டிலேயே சேர்த்துப் பதியுங்கள். இந்தக் குறியீட்டை உங்கள் கணினிச் சாவியிலிருந்து எடுக்காதீர்கள்; பிளே ஸ்டோர் கையொப்பமிடும் சாவியிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் அலுவலகத்தில் வேலை செய்தது வாடிக்கையாளர் போனில் வேலை செய்யாது.

*அக்ரிகேட்டர் உரிமம்.* மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-ஆம் பிரிவில் 2019-ல் வந்த திருத்தப்படி, மற்றவர் வண்டிகளைப் பயணியோடு இணைக்கும் தளத்துக்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். மத்திய அரசின் 2025 வழிகாட்டு நெறிமுறையில் உரிமக் கட்டணம் 5 லட்சம், 1,000 கார் வரை காப்புத்தொகை 10 லட்சம், உரிமக் காலம் 5 ஆண்டு. மாநிலங்கள் தம் விதிகளில் இவற்றை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், சாஃப்ட்வேருக்கு முன்பணம் கொடுக்கும் முன் போக்குவரத்து ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அதே நெறிமுறையின் மற்ற எண்களையும் வடிவமைப்பிலேயே வையுங்கள்: நெரிசல் நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது, பாதிக்குக் கீழும் போகக் கூடாது, சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமாவது சேர வேண்டும், ஓட்டுநருக்கு 5 லட்சம் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ஆயுள் காப்பீடும் வேண்டும். மாதச் செலவுத் தாளில் காப்பீட்டை எழுத மறப்பவர்கள் நிறைய.

3. வண்டிக் காகிதங்களும் ஓட்டுநரும்

ஆர்சி, பெர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று. ஆறுக்கும் தனித்தனியே காலாவதித் தேதியைச் செயலியில் பதியுங்கள். 30 நாள், 7 நாள், 1 நாள் முன்பு ஓட்டுநருக்குத் தானாகச் செய்தி போகட்டும். எஃப்சி 8 ஆண்டு வரையிலான வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். காலாவதியான அன்று இரவு 12 மணிக்கு அந்த வண்டிக்கு டியூட்டி பட்டன் திறக்கக் கூடாது. மேனேஜர் ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்று திறந்துவிடும் வசதியைச் செய்யவே செய்யாதீர்கள். எஃப்சி இல்லாத வண்டியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் முதல் ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும். வெள்ளை போர்டு வண்டியைச் சேர்ப்பதும் இதே கதைதான், எவ்வளவு அவசரமான முகூர்த்த நாளாக இருந்தாலும்.

‘பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதி) இருந்தால்தான் டாக்ஸி ஓட்டலாம்’ என்ற பழைய பேச்சு இன்னும் இருக்கிறது. 7,500 கிலோவுக்குக் கீழ் உள்ள போக்குவரத்து வாகனத்தை ஓட்ட எல்எம்வி (இலகு ரக வாகன) உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. பேட்ஜ் எண்ணைக் கட்டாயமாகக் கேட்டு நல்ல ஓட்டுநரைத் திருப்பி அனுப்பாதீர்கள். காவல் துறை சரிபார்ப்புச் சான்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

4. என்னென்ன கட்ட வேண்டும்

பயணி செயலி, ஓட்டுநர் செயலி, அலுவலகத் திரை என்று மூன்று. இதில் எல்லாரும் காசைக் கொட்டுவது பயணி செயலியின் அழகில். உழைப்பு போக வேண்டிய இடம் ஓட்டுநர் செயலி. அடுத்தது அலுவலகத் திரை, ஏனென்றால் போனில் கூப்பிட்டு வண்டி கேட்கும் வாடிக்கையாளர் செயலி வந்த பிறகும் போனில்தான் கூப்பிடுவார். அழைப்பு வந்ததும் எண்ணைப் பார்த்துப் பெயரும் கடைசி மூன்று பயணமும் திரையில் வரட்டும். இரண்டு கிளிக்கில் ட்ரிப் போடும்படி இருக்கட்டும்.

முதல் வெளியீட்டில் கூப்பன், நண்பரைச் சேர்த்தால் பரிசு, பலர் பகிரும் பயணம் மூன்றும் வேண்டாம். வேண்டியவை: ஓடிபி சொன்னால்தான் ட்ரிப் தொடங்குவது, பயணி எண்ணும் ஓட்டுநர் எண்ணும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இணைக்கும் மறை எண், 112-க்குப் போகும் அவசர பட்டன், கணக்கை நீக்கும் வசதி. கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் கூகுளும் சரி, ஆப்பிளும் சரி, செயலியை ஏற்காது.

5. ஓட்டுநர் செயலி: உடைவதெல்லாம் இங்கேதான்

*போன் செயலியைக் கொன்றுவிடும்.* ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மீ போன்கள் பேட்டரியைக் காக்கப் பின்னணியில் ஓடுவதை நிறுத்திவிடும். ஓட்டுநர் ‘டியூட்டியில்’ இருப்பதாக நினைப்பார், உங்கள் திரையில் அரை மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்பார். டியூட்டி பட்டனை அழுத்தியதும், இருப்பிடம் பார்க்கும் முன்புலச் சேவை ஒன்று நிலையான அறிவிப்போடு தொடங்க வேண்டும். செயலி திரையில் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட்டால் ‘எப்போதும் இருப்பிடம்’ என்ற பின்னணி அனுமதியே தேவைப்படாது. கூகுள் மறுப்பு அதிகம் வருவது அந்த அனுமதிக்குத்தான். கேட்காமல் தப்புவதே நல்லது. ஆண்ட்ராய்டு 14 முதல் முன்புலச் சேவையின் வகையை அறிவித்து, அது எப்படி ஓடுகிறது என்று ஒரு சிறு வீடியோவும் தர வேண்டும். ஆட்டோஸ்டார்ட், பேட்டரி கட்டுப்பாடு நீக்கம் இரண்டையும் ஒவ்வொரு போன் மாடலுக்கும் படத்தோடு தமிழில் காட்டும் ஒரு பக்கம் செயலிக்குள்ளேயே இருக்கட்டும்.

*ட்ரிப் மணி அடிப்பது.* புஷ் அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள். டியூட்டியில் இருக்கும்வரை சர்வரோடு நேரடி இணைப்பு திறந்திருக்கட்டும். புஷ் அதற்குத் துணை. ஓட்டுநருக்கு 15 விநாடி, பெரிய பட்டன், ஏறும் இடத்தைத் தமிழில் வாசிக்கும் குரல். ஓட்டிக்கொண்டிருப்பவர் எழுத்தைப் படிக்கக் கூடாது.

*ஒரே ட்ரிப்பை இருவர் எடுப்பது.* ‘இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றால் மட்டும் இவர் பெயரை எழுது’ என்று தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளையாகப் போக வேண்டும். முதலில் படித்துப் பார்த்து, பிறகு எழுதுவது என்று இரண்டாகப் பிரித்தால், அந்தச் சில மில்லி விநாடிக்குள் இரண்டாவது ஓட்டுநர் அழுத்திவிடுவார். ஒரு பயணி வாசலில் இரண்டு வண்டி நிற்கும்.

*கூடுதல் கிலோமீட்டர்.* இதைக் கவனமாகப் பாருங்கள். ஒரு சிக்னலில் வண்டி 90 விநாடி நிற்கிறது. 4 விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் 22 புள்ளி. நிற்கும் வண்டியின் ஜிபிஎஸ் புள்ளியும் ஒவ்வொரு முறையும் 5 மீட்டர் அங்குமிங்கும் தள்ளும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே சிக்னலில் 110 மீட்டர், பத்து சிக்னலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல். பயணி கேட்கும் கேள்வி நியாயமானது. துல்லியம் 30 மீட்டரைவிட மோசமான புள்ளியைத் தள்ளுங்கள்; நடை வேகத்துக்கும் குறைவான நகர்வைத் தூரத்தில் சேர்க்காதீர்கள்; 150 கி.மீ. வேகம் வேண்டியிருக்கும் தாவலை ஒதுக்குங்கள். மிச்சத்தைச் சாலையோடு பொருத்துங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் புள்ளிகளைப் போனிலேயே சேர்த்து வைத்து, இணைப்பு வந்ததும் நேர முத்திரையோடு அனுப்ப வேண்டும்.

சாலையோடு பொருத்துவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. கீழே பீளமேட்டில் நிற்கும் வண்டியை மேலே ஓடுவதாக மேப் எடுத்துக்கொண்டால், ‘2 நிமிடத்தில் வரும்’ என்று காட்டிய வண்டி இறங்குதளம் தேடிப் போய்த் திரும்பும் நேரத்தைச் சொல்லத் தொடங்கும். நீண்ட மேம்பாலத்தின் கீழ் உள்ள ஏறுமிடங்களைக் கையால் குறித்து வைத்து, ஓட்டுநரிடம் ‘பாலத்துக்குக் கீழ்’ என்று சொல்ல வையுங்கள்.

6. மேப் செலவு

ஆண்ட்ராய்டு, ஐபோன் செயலிக்குள் கூகுள் மேப்பைக் காட்டுவதற்குக் காசு இல்லை. இடம் தேடுவதற்கும் வழி, நேரம் கணக்கிடுவதற்கும்தான் காசு. இந்தியாவில் பில்லிங் முகவரி உள்ள கணக்குகளுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தனி, குறைந்த விலை. அதனால் கணக்கை இந்திய முகவரியில் உங்கள் பெயரிலேயே திறங்கள்.

பெரிய மிச்சம் ஊர்ப் பெயர்களில் இருக்கிறது. ‘ஹோப்ஸ்’, ‘நவ இந்தியா’, ‘சித்ரா’, ‘ஜிஹெச்’ என்றுதான் கோவைக்காரர் தேடுவார். இப்படி 300 இடங்களைத் தமிழ், ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளோடு சொந்த அட்டவணையில் வைத்து முதலில் அதில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் கூகுளிடம் போங்கள். போகும்போது ஒரு தேடலின் எழுத்துகளையெல்லாம் ஒரே அமர்வுக் குறியீட்டில் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் தனிக் கோரிக்கையாக எண்ணப்படும். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்ட் வேறு, வெளியூர் பஸ் ஸ்டாண்ட் வேறு, ஆம்னி ஸ்டாண்ட் வேறு. ரயில் நிலையத்துக்கு இரண்டு பக்கமும் வாசல். இவற்றுக்கு ஏறுமிடத்தைத் தனித்தனியாகக் குறியுங்கள்.

பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டுமே அனுப்பும், செலவை நிறுத்தாது. நிறுத்துவது கோட்டா என்ற கோரிக்கை வரம்புதான், அதை நாளுக்கு இத்தனை என்று பூட்டுங்கள். பிளே ஸ்டோரில் போட்டதும் மேப் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பதறாதீர்கள்: பிளேயின் கையொப்பச் சாவி விரலடையாளத்தை (அந்தச் சாவியை அடையாளம் காட்டும் குறியீட்டை) மேப் சாவியில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

7. வெளியூர் ட்ரிப்பின் கணக்கு

ரெடிமேட் மென்பொருள் எல்லாம் இங்கே கவிழும். ஒரு நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. என்ற வழக்கமான கணக்கில் ‘நாள்’ என்பது 24 மணி நேரமா, நள்ளிரவுக்கு நள்ளிரவா? சனி இரவு 9 மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு 8 மணிக்குத் திரும்பினால் நள்ளிரவுக் கணக்கில் இரண்டு நாள், 500 கி.மீ. இதைப் பதிவு செய்யும்போதே பயணியின் திரையில் எண்ணாகக் காட்டுங்கள். கி.மீ. ஷெட் டு ஷெட்டா (வண்டி நிலையத்திலிருந்து கிளம்பித் திரும்பும் வரை), ஏறிய இடத்திலிருந்தா என்பதும் அப்படியே. பேட்டா, இரவு பேட்டா, டோல், பார்க்கிங், கேரள நுழைவு வரி, மலை ஏற்றக் கட்டணம் ஒவ்வொன்றும் பில்லில் தனி வரி. கிளம்பும்போதும் முடியும்போதும் ஓடோமீட்டர் படம் கட்டாயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. அந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்ததும் இ-பாஸ் எண் கேட்கும் பெட்டி வரட்டும், இல்லாவிட்டால் ஊட்டி வழியில் கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்.

8. கட்டுபவரோடு ஒப்பந்தம், செலவு

சர்வர் பக்கம் ஒருவர், செயலிக்கு ஒருவர், அலுவலகத் திரைக்கு ஒருவர், சோதிக்க ஒருவர் என நால்வர், ஐந்து மாதம்: 20 ஆள்-மாதம். உங்கள் ஊர்ச் சம்பளத்தால் பெருக்கி, 18% ஜிஎஸ்டி சேருங்கள். அதில் கால்வாசிக்கும் கீழே ஒருவர் விலை சொன்னால் அவர் விற்பது ரெடிமேட் ஸ்கிரிப்ட். அதுவும் பாவமில்லை, ஆனால் மூலநிரல் முழுதாகக் கைக்கு வருமா, மேலே சொன்ன வெளியூர்க் கணக்கை மாற்ற முடியுமா என்று வாங்கும் முன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிளே கணக்கு, ஆப்பிள் கணக்கு, மேப் பில்லிங், சர்வர், டொமைன், டிஎல்டி, பேமெண்ட் கேட்வே ஆகிய ஏழும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் இருக்க வேண்டும். கட்டுபவருக்கு அணுகல் மட்டும். மூலநிரல் வாரந்தோறும் உங்கள் களஞ்சியத்துக்கு வர வேண்டும், ‘முடிந்ததும் தருகிறோம்’ என்பதை ஏற்காதீர்கள். பணத்தை 20, 30, 30, 20 என்று பிரியுங்கள். கடைசி 20 சதவீதம் பிளே ஸ்டோரில் வந்து 30 நாள் ஓடிய பிறகு.

100 வண்டி 4 விநாடிக்கு ஒரு புள்ளி அனுப்பினால் விநாடிக்கு 25. சிறிய சர்வரே தாங்கும். ஆனால் எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் எழுதினால் நாளுக்கு 21.6 லட்சம் வரி. வண்டியின் தற்போதைய இடத்தை ரெடிஸ் என்ற வேகமான நினைவகத் தரவுத்தளத்தில் மட்டும் வைத்து, ட்ரிப் ஓடும்போது வரும் புள்ளிகளை மட்டும் போஸ்ட்கிரெஸ் என்ற நிரந்தரத் தரவுத்தளத்தில் சேமிக்கச் சொல்லுங்கள்.

9. சோதனையும் வெளியீடும்

10 வண்டி, 14 நாள். ஓட்டுநர்களின் சொந்தப் போனில்தான், அதிலும் 3 ஜிபி ரேம் உள்ள பழைய போன் குறைந்தது மூன்று இருக்கட்டும். தினமும் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் செயலி காட்டிய கி.மீ.யை ஓடோமீட்டரோடு ஒப்பிட்டு எழுதுங்கள். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் வெளியிடாதீர்கள். ட்ரிப் நடுவே போனை அணைத்துப் போடுவது, டேட்டாவை நிறுத்துவது, கூகுள் மேப்ஸும் போன் அழைப்பும் ஒன்றாக ஓடுவது மூன்றையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள்.

பிறகு 100 வண்டிக்கும் ஓட்டுநர் செயலியை மட்டும் கொடுத்து, பதிவுகளை அலுவலகத் திரையிலிருந்தே ஒரு மாதம் போடுங்கள். பயணி செயலியை அதற்குப் பின் திறக்கலாம். திறக்கும் நாளை முகூர்த்த நாளாகவோ தீபாவளி வாரமாகவோ வைக்காதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போதும். முதல் இரண்டு வாரம் பழைய போன் எண்ணில் ஆள் குறைக்காமல் இரவு ஷிப்டிலும் ஒருவரை உட்கார வையுங்கள். வண்டி கிடைக்கவில்லை என்று செயலி சொல்லும் ஒவ்வொரு முறையும், அவர் அந்தப் பயணியைத் திருப்பிக் கூப்பிட்டு கையால் வண்டி அனுப்ப வேண்டும்.